சோற்றுத்துறைச் சாலையில் ஒரு விளக்கு

திருவையாற்றைச் சேர்ந்த ஏழு ஊர்களைப் பற்றி எங்கள் பக்கத்தில் ஒரு கதை வழங்குகிறது. நந்தி தேவருக்குக் கலியாணம் நடந்ததாம். திருச்சோற்றுத்துறையிலிருந்து சோறு வந்தது. திருப்பழனத்திலிருந்து பழம் வந்தது. திருப்பூந்துருத்தி பூ அனுப்பிற்று. நெய்த்தானம் என்னும் தில்லைஸ்தானம் நெய் அனுப்பிற்று. திருவேதிகுடியிலிருந்து வேதியர்கள் வந்து மந்திரம் ஓதினார்கள். இந்த உபகாரத்துக்கு நன்றி தெரிவிப்பதற்காகவே ஐயாறப்பர் வருஷந்தோறும் சித்திரை மாதத்தில் பல்லக்கு ஏறி ஏழூருக்கும் போய் வருகிறார் என்பார்கள். சிறு வயது முதல் இந்தக் கதையைக் கேட்டு வருகிறேன். ஆனால் கலியாணத்துக்கு விளக்கு எந்த ஊரிலிருந்து வந்தது என்று மட்டும் இதுவரையில் ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை.

வாசகர்கள் இதை வீண் விதண்டாவாதம் என்று எண்ண வேண்டாம். கண்டியூரில் பஸ் சாலையை விட்டுப் பிரிந்து, வேதிகுடி வழியாகச் சோற்றுத்துறைப் பக்கம் செல்லும் சாலையில், இரவு 8 மணிக்கு மேல் ஒரு தடவை சைக்கிளில் போய்ப் பார்த்தீர்களானால், இது மிகவும் நியாயமான கேள்வி என்று நீங்களே ஒப்புக் கொள்வீர்கள்.

தஞ்சாவூரிலிருந்து திருவையாறு ஏறக்குறைய 12 கிலோ மீட்டர். இந்தச் சிறிய தூரத்துக்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகளைத் தாண்ட வேண்டும். அந்தச் சாலையில் பஸ்ஸும் லாரியும் ஓயாமல் ஓடுகின்றன. ஆகையால் அங்கே இருட்டைக் காட்டிலும் வெளிச்சத்தினால்தான் தொல்லை அதிகம். கண்டியூரில் கிழக்கே திரும்பியதும் உலகமே வேறாகி விடுகிறது. பகலில் பார்த்தால் கண் குளிரும். ஒரு பக்கம் வாய்க்கால். மறு பக்கம் வயல். இடையிடையே வாழைக் கொல்லைகள். வளைவு திரும்பும் இடத்தில் ஒரு மதகு. மதகுக் கட்டையில் உட்கார்ந்து உலக விவகாரங்களைத் தீர்த்து வைக்கும் நாலு பெரியவர்கள். எங்கள் ஊர் இந்தச் சாலையில் கண்டியூரிலிருந்து சைக்கிளில் அரை மணி நேரப் பிரயாணத்தில் இருக்கிறது. ஊர்களுக்குள் தெரு விளக்கு உண்டு. ஓர் ஊரின் கடைசி விளக்குக்கும் அடுத்த ஊரின் முதல் விளக்குக்கும் நடுவில் இருப்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

அந்த இருட்டில் என்னென்ன இருக்கும் என்று பட்டணத்து நேயர்களுக்குச் சொல்ல வேண்டும். எருமை மாடு இருக்கும். எருமைக்கு இயற்கை கொடுத்த நிறத்தைப் பற்றி நான் குறை கூறுவதற்கில்லை. ஆனால் இருட்டில் அது இருட்டாகவே இருக்கிறது. சாலையின் சூட்டுக்காகப் படுத்திருக்கும் நாய்கள் இருக்கும். வர்ணம் பூசாத வேகத் தடைகள் இருக்கும். தை மாதம் பிறந்து சம்பா அறுவடை தொடங்கி விட்டால், எல்லாவற்றுக்கும் மேலாக நெல் இருக்கும். களம் போதாத குடியானவர்கள் தார்ச் சாலையில் பாதியை வளைத்து நெல்லைக் காயப் போடுவார்கள். வண்டிகள் நெல்லின் மேல் ஏறாதபடி ஓரத்தில் வரிசையாகக் கருங்கற்களை வைப்பார்கள். பொழுது சாய்ந்ததும் நெல்லைக் குவித்துத் தார்ப்பாயினால் மூடி விடுவார்கள். சில இடங்களில் நெல்லை அள்ளிக் கொண்டு வீட்டுக்கே போய் விடுவார்கள். கற்கள் மட்டும் அங்கேயே இருக்கும்.

2025-ஆம் வருஷம் ஜனவரி 18-ந் தேதி, தியாகராஜ சுவாமிகளின் ஆராதனை நாள். காலையில் பஞ்சரத்ன கீர்த்தனைகளைக் கேட்கப் போனவன், மாலைக் கச்சேரிகளில் இரண்டையும் கேட்டு விட்டு, இரவு 8 மணிக்குத் திருவையாற்றை விட்டுக் கிளம்பினேன். தேய்பிறைப் பஞ்சமி. நிலா எழுவதற்கு இன்னும் வெகு நேரம் இருந்தது. அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. ஏனெனில் என் சைக்கிளின் ஹேண்டில் பாரில் புதிய விளக்கு ஒன்று பூட்டியிருந்தது. தபாலில் வரவழைத்தது, விலை 799 ரூபாய். அட்டைப் பெட்டியின் மேல் 'ஆயிரம் லூமென்' என்று போட்டிருந்தார்கள். அதைப் பார்த்த என் சகதர்மிணி, "சைக்கிளுக்கா, கப்பலுக்கா?" என்று கேட்டாள். பௌதிக ஆசிரியனாகிய எனக்கு அந்தக் கேள்வியின் நியாயம் அப்போது புலப்படவில்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக் கொள்கிறேன்.

வேதிகுடி தாண்டியதும் விளக்கின் முழுப் பலத்தையும் திறந்து விட்டேன். சாலை பட்டப் பகல் போலாயிற்று. சாலை மட்டுமா? இரு புறத்து மரங்களின் உச்சிக் கிளைகள், அவற்றில் உறங்கிய காக்கைகள், தூரத்து மின்சாரக் கம்பம் எல்லாமே பிரகாசித்தன. எதிரே யாரோ ஒருவர் சைக்கிளில் வருவது தெரிந்தது. கேரியரில் ஏதோ பை. அவர் சைக்கிளில் விளக்கு இல்லை. "பாவம், என் வெளிச்சத்திலாவது வழி பார்த்துப் போகட்டும்" என்று தர்மப் பிரபுவைப் போல் எண்ணிக் கொண்டேன். அடுத்த நிமிஷம் அவர் இடது கையைத் தூக்கிக் கண்ணை மறைத்தார். சைக்கிள் இரண்டு தடவை ஆடிற்று. கல் உருளும் சத்தம் கேட்டது. பிறகு வாய்க்காலில் தண்ணீர் சிதறும் சத்தம் கேட்டது.

மேட்டூர் அணையை வழக்கமாக ஜனவரி 28-ந் தேதி வரையில் மூடுவதில்லை. ஆகையால் வாய்க்காலில் இடுப்பளவு தண்ணீர் ஓடிக் கொண்டிருந்தது. அதுவே அவருக்குப் பஞ்சு மெத்தையாக உதவிற்று. நான் இறங்கிக் கையைக் கொடுத்து மேலே ஏற்றினேன். எழுபது வயதிருக்கும். முழங்கையில் தோல் கிழிந்து இரத்தம் வழிந்தது. முன் சக்கரம் கோட்டம் விழுந்து பிரேக் கட்டையில் இடித்துக் கொண்டிருந்தது.

"பெரியவரே, ரொம்ப அடி பட்டு விட்டதா?" என்று கேட்டேன்.

"அடி ஒண்ணும் இல்லீங்க சார். வெளிச்சத்தை ரோட்டுக்கில்ல காட்டணும்? என் மூஞ்சியில காட்டுனீங்களே!" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. பாடம் தெரியாத பையனுக்கு எடுத்துச் சொல்வது போல் சொன்னார். இருபது வருஷ காலம் ஒளியியல் நடத்திய எனக்கு அதைக் காட்டிலும் சுருக்கமாக அந்தப் பாடத்தைச் சொல்லத் தெரியாது.

அவர் அந்த நேரத்தில் எங்கே போய்க் கொண்டிருந்தார் என்று விசாரித்தபோதுதான் எனக்கு உண்மையிலேயே வயிற்றைக் கலக்கிற்று. பிளஸ் டூ படிக்கும் அவருடைய பேத்தி, மார்ச்சு மாதப் பரீட்சைக்காகப் பொங்கல் விடுமுறையிலும் தஞ்சாவூருக்கு டியூஷனுக்குப் போகிறாள். காலையில் கண்டியூர் வரையில் சைக்கிள்; அங்கே சைக்கிளைப் போட்டு விட்டு பஸ். இரவு 9 மணிக்குத் திரும்பி வந்து இறங்குவாள். அவள் சைக்கிளிலும் விளக்குக் கிடையாது. ஆகையால் தாத்தா தினந்தோறும் எதிர்கொண்டு போய், முன்னால் தாம் வழி காட்டிக் கொண்டு, பேத்தியைப் பின்னால் அழைத்து வருகிறார். "எனக்கு இந்த ரோடு கண்ணை மூடிக்கிட்டாலும் தெரியும் சார்" என்றார். கண்ணை மூடிக் கொண்டு போனால் தெரிந்த சாலை, என் விளக்கைப் பார்த்ததும் தெரியாமல் போயிற்று! அந்தப் பெண் வேறு யாருமல்ல. என் வகுப்பில் இரண்டாவது பெஞ்சில் உட்காரும் மாணவிதான்.

பெரியவரைப் பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்து விட்டுக் கண்டியூருக்குத் திரும்பினேன். போகுமுன் என் கைக்குட்டையை மடித்து விளக்கு முகப்பின் மேல் பாதியை மறைத்துக் கட்டினேன். ஹேண்டில் பாரில் விளக்கைக் கீழ் நோக்கி முறுக்கினேன். மரங்களும் காக்கைகளும் மறைந்தன. சாலை அப்படியே தெரிந்தது! ஆயிரம் லூமெனில் பாதியைக் கைக்குட்டை விழுங்கிய பிறகும் எனக்கு வேண்டியதில் எதுவும் குறையவில்லை.

பெண் பஸ்ஸை விட்டு இறங்கினாள். விஷயத்தைச் சொன்னேன். முகம் வாடிற்று; ஒன்றும் பேசாமல் சைக்கிளை எடுத்துக் கொண்டாள். நான் பின்னால் வந்தேன். வழியில் ஒரு யோசனை தோன்றி, சற்றுப் பின்தங்கி, என் விளக்கை அணைத்துப் பார்த்தேன். முன்னால் போகிற பெண்ணும் சைக்கிளும் அடியோடு மறைந்து போனார்கள். செயின் உரசும் ஓசை மட்டும் கேட்டது. அச்சமயம் எனக்குப் பின்னாலிருந்து மோட்டார் சைக்கிள் ஒன்று வந்து என்னைக் கடந்து சென்றது. அதன் வெளிச்சத்தில் முதலில் எனக்குத் தெரிந்தவை இரண்டு மஞ்சள் புள்ளிகள். மாறி மாறி மேலும் கீழும் போயின. அவை அவளுடைய பெடல்களில் பதித்த பிரதிபலிப்புச் சில்லுகள். மட்கார்டில் இருந்த சிவப்புச் சில்லில் சேறு படிந்திருந்தது. அது தெரியவே இல்லை. மோட்டார் சைக்கிள்காரர் கடைசி நேரத்தில் வளைத்துக் கொண்டு போனார். அவர் வளைக்காமல் இருந்திருந்தால் என்று நினைக்கவே மனம் துணியவில்லை. அன்று வரையில், விளக்கு என்றால் முன்னால் இருப்பது என்றே நான் எண்ணியிருந்தேன். என் சைக்கிளிலும் பின் விளக்குக் கிடையாது.

மறு வாரம் கீழவாசல் பக்கம் போய் நாலு கடை ஏறி இறங்கினேன். சைக்கிள் விளக்கு என்று சொல்லி எனக்குக் காட்டப்பட்ட பண்டங்கள் எத்தனையோ விதம். அவற்றில் பாதி குழந்தைகளின் பிறந்த நாளுக்குத் தகும். நான் கற்றுக் கொண்டதை நேயர்களின் உபயோகத்துக்காகச் சொல்லுகிறேன்.

முதலில் கணக்கு. நிதானமாக மணிக்கு 15 கிலோ மீட்டர் போகும் சைக்கிள் ஒரு விநாடியில் 4 மீட்டருக்குச் சற்று மேல் நகர்கிறது. கல்லைக் கண்டு மனம் திகைத்துக் கை பிரேக்கைப் பிடிப்பதற்கு ஒன்றரை விநாடி. அதற்குள் 6 மீட்டர் போய் விடும். பிறகு வண்டி நிற்பதற்கு இன்னும் 3 மீட்டர் வேண்டும். ஆகவே 10 மீட்டர் தூரத்தில் கிடக்கும் கல் தெரிந்தால் தப்பித்தோம். 25 கிலோ மீட்டர் வேகத்தில் பறக்கும் வாலிபர்களுக்கு 20 மீட்டர் தெரிய வேண்டும். இதற்கு ஆயிரம் லூமென் எதற்கு? லூமென் என்பது விளக்கிலிருந்து எல்லாத் திக்கிலும் புறப்படும் ஒளியின் மொத்தம். லக்ஸ் என்பது ஓரிடத்தில் வந்து விழும் ஒளியின் அளவு. குடும்பத் தலைவரின் சம்பளம் எவ்வளவு என்பது ஒன்று. அதில் அரிசிக்கு எவ்வளவு வந்து சேருகிறது என்பது வேறொன்று அல்லவா? பௌர்ணமி நிலவு கொடுப்பது ஏறக்குறைய கால் லக்ஸ்தான். அதிலேயே நம் முன்னோர்கள் வண்டி கட்டிக் கொண்டு போனார்கள். ஜெர்மனி தேசத்தில் சைக்கிள் விளக்குக்குச் சட்டமே இருக்கிறது. 10 மீட்டர் தூரத்தில் குறைந்தது 10 லக்ஸ் சாலையில் விழ வேண்டும்; எதிரில் வருகிறவரின் கண்ணை நோக்கி மேலே போகும் ஒளி 2 லக்ஸைத் தாண்டக் கூடாது. அதற்காக விளக்கின் ஒளியை மோட்டார் வண்டியின் விளக்கைப் போல் மேல் விளிம்பில் கத்தரித்து விடுகிறார்கள். என் கைக்குட்டை செய்த வேலையை அங்கே கண்ணாடி செய்கிறது.

இப்படி மேல் விளிம்பு கத்தரித்த விளக்கு கீழவாசலிலேயே ஒன்று கிடைத்தது. விலை 650 ரூபாய். கடைக்காரருக்கு அதன் பெருமை தெரியவில்லை. "இது ரொம்ப தூரம் அடிக்காது சார்" என்று சொல்லி வேறொன்றை எடுத்துக் காட்டினார். நேயர்கள் கடையில் விளக்கு வாங்கும்போது அதைச் சுவரை நோக்கிக் காட்டச் சொல்லுங்கள். வட்டமான நிலாவைப் போல் விழுந்தால் வைத்து விட்டு நகருங்கள். மேலே நேர் கோடு போட்டாற் போல், அகலமாகப் பாய் விரித்தது போல் விழுந்தால், விலையை விசாரிக்கலாம். வட்ட விளக்கு ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது என்றால் தூக்கி எறிய வேண்டியதில்லை. சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளிச் சைக்கிளை நிறுத்தி, ஒளியின் நடுப் பகுதி விளக்கு இருக்கும் உயரத்தில் பாதி உயரத்துக்கு விழும்படி கீழே சாய்த்துப் பூட்டிக் கொண்டால், அது 10 மீட்டர் தூரத்தில் தரையைத் தொடும். செலவு ஒன்றுமில்லை.

பாட்டரி விஷயத்தில் நடக்கும் புரட்டு கொஞ்ச நஞ்சமல்ல. இந்த விளக்குகளில் பெரும்பாலும் 18 மில்லி மீட்டர் குறுக்களவும் 65 மில்லி மீட்டர் நீளமும் உள்ள லிதியம் பாட்டரி இருக்கிறது. அந்த அளவுள்ள நல்ல பாட்டரியில் 3,500 மில்லி ஆம்பியர் மணிக்குச் சற்று முன் பின்னாகத்தான் மின்சாரம் அடைக்க முடியும். கடையில் ஒன்றின் மேல் 9,900 என்று அச்சிட்டிருந்தது. படி அரிசி பிடிக்கும் பாத்திரத்தில் மூன்று படி இருக்கிறது என்று சொல்வதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. 'எட்டு மணி நேரம் எரியும்' என்று பெட்டியில் போட்டிருந்தால், அது மினுக்கி மினுக்கி எரியும் கணக்கு என்று வைத்துக் கொள்ள வேண்டும். முன் விளக்கு மினுக்குவதால் இருண்ட சாலையில் நமக்கும் பயனில்லை. எதிரே வருகிறவருக்கும் வேதனை.

நெற்றியில் கட்டிக் கொள்ளும் விளக்கையும் ஒரு நாள் பரீட்சித்தேன். மழைக்குப் பின் கிளம்பும் ஈசலும் வயலிலிருந்து வரும் பச்சைப் பூச்சியும் வெளிச்சத்தைத் தேடி வருபவை. அந்த வெளிச்சம் என் புருவத்துக்கு மேல் இருந்தது. மேலே சொல்லத் தேவையில்லை. தை மாதப் பனி மூட்டத்திலும் கண்ணுக்கு அருகே இருக்கும் விளக்கு பனியையே வெள்ளைச் சுவராக்கிக் காட்டும்.

பின் விளக்கு 190 ரூபாய்க்கு நல்லதாகவே கிடைத்தது. சிவப்பு, விரல் நீளம், தூறலில் நனைந்தாலும் கெடாது. முன் விளக்கைப் போல் அதற்கு மின்சாரமும் அதிகம் செலவாவதில்லை. இருநூறு ரூபாய்தான் கையில் இருக்கிறது என்று ஒருவர் என்னிடம் கேட்டால், முன் விளக்கை மறந்து விட்டுப் பின் விளக்கை வாங்கச் சொல்வேன். முன்னால் இருக்கும் பள்ளத்தை மெதுவாகப் போனால் நாம் சமாளிக்கலாம். பின்னால் வரும் லாரியை நாம் சமாளிக்க முடியாது. லாரிக்காரர்தான் சமாளிக்க வேண்டும். அவருக்கு நாம் இருப்பது தெரிய வேண்டும். நாற்பது ரூபாய்க்கு ஒரு முழம் பிரதிபலிப்பு நாடாவும் வாங்கினேன். அதைச் சிறு துண்டுகளாக வெட்டி மட்கார்டிலும், பெடல் தண்டிலும் ஒட்டி விடலாம். ஆனால் நாடா தானாக ஒளி விடாது. தன் மேல் விழும் ஒளியை விழுந்த திக்குக்கே திருப்பி அனுப்பும். வருகிற வண்டியிலும் விளக்கு மங்கலாயிருந்தால் அதனால் பயனில்லை. ஆகையால் அது பின் விளக்குக்குத் துணையே தவிர, பதில் ஆகாது.

தை அமாவாசைக்கு முந்தின இரவு, ஜனவரி 28-ந் தேதி, பெரியவரை நடுவராக வைத்துக் கொண்டு விளக்குகளைப் பரீட்சை பார்த்தோம். முழங்கையில் கட்டுடன் அவர் மதகுக் கட்டையில் உட்கார்ந்தார். நான் நூறு தப்படி தூரம் போய், ஒவ்வொரு விளக்காகப் பூட்டிக் கொண்டு எதிரே வந்தேன். ஆயிரம் லூமென் வந்தபோது துண்டால் முகத்தை மூடிக் கொண்டு, "அதைக் கொண்டு போயி ஆத்துல போடுங்க" என்றார். 650 ரூபாய் விளக்கு வந்தபோது ஒன்றும் சொல்லவில்லை. அருகில் வந்து நிறுத்தியதும், "இப்ப உங்க கால் தெரியுது, கல் தெரியுது, நீங்க யாருன்னும் தெரியுது" என்றார். இதைக் காட்டிலும் நல்ல சர்ட்டிபிகேட்டை எந்த தேசத்துச் சட்டமும் கொடுக்க முடியாது என்று எனக்குத் தோன்றுகிறது.

கடைசியாக, என் தகப்பனார் பழைய நாளில் உபயோகித்துப் பரணில் கிடந்த டைனமோவை எடுத்துப் போயிருந்தேன். அதைக் கண்டதும் பெரியவரின் முகம் மலர்ந்தது. அவருடைய வாலிபத்தில் விளக்கில்லாமல் சைக்கிள் விட்டால் போலீஸ்காரர் நிறுத்தி டயரில் காற்றைப் பிடுங்கி விடுவாராம். அந்தப் பயத்திலேயே முதலில் மண்ணெண்ணெய் விளக்கும், பிற்பாடு டைனமோவும் வைத்திருந்தாராம். அதற்கும் முந்தின தலைமுறையில் கார்பைடு விளக்கு இருந்தது. கல்லின் மேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழ, அதிலிருந்து கிளம்பும் அசிட்டிலின் வாயு எரியும். டைனமோ என்பது 6 வோல்டு, 3 வாட்டு. டயரில் உரசிச் சுழல்வதால் காலுக்குச் சற்றுப் பாரம்; மழையில் வழுக்கும்; வண்டி நின்றால் விளக்கும் நின்று விடும். அந்தக் காலத்துக் குமிழ் பல்பு அந்த மின்சாரத்தில் பெரும் பகுதியைச் சூடாக்கி வீணாக்கிற்று. நீல ஒளி விடும் டயோடைக் கண்டு பிடித்ததற்காக 2014-ஆம் வருஷம் ஜப்பானில் பிறந்த மூன்று விஞ்ஞானிகளுக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள். அந்த நீலத்தின் மேல் மஞ்சள் பூச்சுப் பூசித்தான் இப்போதைய வெள்ளை எல்.இ.டி. விளக்குகள் பெரும்பாலும் உண்டாகின்றன. டைனமோவின் அதே 3 வாட்டு, இப்போது முன்னைப்போல் பல மடங்கு ஒளி தருகிறது. பல்பை மட்டும் மாற்றினேன்.

"எது வேண்டும், பெரியவரே?" என்று கேட்டேன். 650 ரூபாய் விளக்கைப் பேத்திக்கு என்று எடுத்து வைத்தார். தமக்கு டைனமோவைக் கேட்டார். "சார்ஜு போடணும்னா யாருக்கு ஞாபகம் இருக்கு? இது நான் மிதிச்சா எரியும்" என்றார். பெண்ணோ டெலிபோனுக்குச் சார்ஜு போடுவதை எந்நாளும் மறப்பதில்லை. ஆகவே அவளுக்கு அது பொருத்தம்; இவருக்கு இது பொருத்தம். விளக்கின் விலையை எவ்வளவு சொல்லியும் கேட்காமல் இரண்டு தவணையாகக் கொடுத்து விட்டார். டைனமோவுக்கு மட்டும் பணம் வாங்க மாட்டேன் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். மறு நாள் வீட்டு வாசலில் ஒரு பூவன் வாழைத்தார் வந்து இறங்கிற்று. இந்தப் பக்கத்து மனிதர்களிடம் கடன் வைப்பது அவ்வளவு எளிதல்ல.

மாசி மாதத்தில் ஒரு நாள் இரவு அதே சாலையில் வந்து கொண்டிருந்தேன். என்னுடைய விளக்கு இப்போது சாலையைப் பார்த்துத்தான் எரிகிறது. தூரத்தில் இரண்டு வெளிச்சங்கள் தெரிந்தன. ஒன்று நிலையாக, பாய் விரித்தாற் போல் வந்தது. மற்றொன்று வேகம் கூடினால் கூடி, குறைந்தால் குறைந்து, அவ்வப்போது அடியோடு அணைந்து, மறுபடி எரிந்து கொண்டு வந்தது. அருகில் வந்ததும் பெண் வணக்கம் சொல்லி விட்டு முன்னே போனாள். அவளுக்குப் பின்னால் சிவப்புப் புள்ளி வெகு தூரம் வரை தெரிந்தது. பெரியவர் சாலையில் சைக்கிளை ஸ்டாண்டு போட்டுக் கீழே குனிந்து ஏதோ செய்து கொண்டிருந்தார்.

"அவளுக்குத்தான் முன்னாலும் பின்னாலும் விளக்கு இருக்கிறதே! இன்னமும் நீங்கள் கண்டியூர் வரையில் போக வேண்டுமா?" என்று கேட்டேன்.

"அவளுக்கு வெளிச்சம் இருக்குங்க. அடுத்தாப்பல வர்ற பிள்ளைங்களுக்கு இல்லியே!" என்றார் பெரியவர். நெல்லை அள்ளிக் கொண்டு போனவர்கள் விட்டுச் சென்ற கல் ஒன்றைத் தூக்கி வாய்க்கால் ஓரமாகப் போட்டு விட்டு, அடுத்த கல்லுக்குப் போனார்.